கரையிலும் தலைக்கணக்கு எடுப்போம்

இந்தியக் கடற்படையில் பணி முடித்து தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும் காரைக்காலிலும் வாழ்ந்துவரும் கப்பல் தோழர்களே!

நம்மில் ஒருவர் காலமானால் அந்தச் செய்தி நமக்குக் கருமாதி முடிந்த பிறகுதான் வந்து சேர்கிறது. பல நேரங்களில் வருவதே இல்லை. ஒரே கப்பலில், ஒரே மெஸ்டெக்கில், மேல் பங்க்கில் ஒருவரும் கீழ் பங்க்கில் ஒருவருமாகப் படுத்து எழுந்தவர்கள் இன்று ஒருவர் பாபநாசத்திலும் மற்றவர் அம்மாபேட்டையிலும் இருக்கிறார்கள். பஸ் ஏறினால் வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனாலும் ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்பது மற்றவருக்குத் தெரியாது. இதுவரை நடந்ததற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை. இனி ஒரு வருடம் இப்படியே போனால் அது நம் எல்லோருடைய குற்றம்.

ஆகவே அவசரமாகக் கேட்கிறேன். காவிரிப் பாசனப் பகுதி முழுவதற்கும் முன்னாள் கடற்படையினருக்கென்று ஒரு சங்கம் வேண்டும். ஊர்வாரியாகப் பெயர் எழுதிய ஒரு பதிவேடு வேண்டும். அந்தப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொருவரையும் வருடத்துக்கு ஒரு தடவையாவது இன்னொரு தோழர் நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். கட்டடம் வேண்டாம், பெரிய மேடை வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம். யார் யார் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

தரைப்படைத் தோழர்களைப் பாருங்கள். மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தவருக்கு அந்த ரெஜிமெண்ட் ஆயுசுக்கும் தாய்வீடு. நீலகிரியில், வெலிங்டனில் அவர்களுக்கு ஒரு தலைமையிடம் இருக்கிறது. பட்டாலியன் தொடங்கிய நாள் என்று கொண்டாட ஒரு நாள் இருக்கிறது. பணியில் இருந்த காலமெல்லாம் பெரும்பாலும் அதே முகங்களோடு இருந்து, அதே முகங்களோடு ஓய்வு பெற்றவர்கள் அவர்கள். நமக்கு அப்படி அமையவில்லை. விசாகப்பட்டினத்தில் சர்க்கார்ஸில் பையன்களாகச் சேர்ந்தவர்கள் நம்மில் மூத்தவர்கள். 1980க்குப் பிறகு வந்தவர்கள் ஒடிசாவின் சில்காவில் பயிற்சி பெற்றார்கள். அங்கிருந்து இன்ஜின் பிரிவுக்காரர் லோனாவாலாவின் சிவாஜிக்குப் போனார், எலெக்ட்ரிக்கல்காரர் ஜாம்நகரின் வல்சுராவுக்குப் போனார். அதன் பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு டிரான்ஸ்பர்: மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம், போர்ட் பிளேர். கப்பல் மாற மாறத் தோழர்களும் மாறினார்கள். நெருங்கிப் பழகியவர் பஞ்சாபிலும் கேரளத்திலும் வங்காளத்திலும் இருந்தார். பக்கத்துத் தாலுகாக்காரர் வேறு கப்பலில் இருந்தார். டிஸ்சார்ஜ் புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஊருக்கு ரயில் ஏறிய அன்றே நம்மைச் சேர்த்துவைத்திருந்த கப்பலும் கைவிட்டுப் போய்விட்டது. முன்னாள் படைவீரர் கூட்டம் நடந்தால் நூறு தரைப்படைக்காரர்களுக்கு நடுவில் இரண்டு நேவிக்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

கப்பலை நம்பியும் இருக்க முடியாது. விக்ராந்தை நினைத்துப் பாருங்கள். 1961 மார்ச்சில் பெல்பாஸ்ட்டில் இந்தியக் கொடி ஏற்றிய கப்பல். 1971 டிசம்பரில் வங்காள விரிகுடாவிலிருந்து விமானங்களை ஏவி காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கிய கப்பல். ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்த அந்தக் கப்பல் 1997 ஜனவரி 31இல் பணி ஓய்வு பெற்றது. சில காலம் மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. 2014இல் அதை உடைத்தார்கள். அதன் இரும்பை ஒரு நிறுவனம் மோட்டார் சைக்கிள் செய்யவும் வாங்கியது. இன்று அந்தப் பெயரில் புதிய கப்பல் ஒன்று, 2022இல் கொச்சியில் சேர்க்கப்பட்டது, கடலில் இருக்கிறது. நமக்குப் பெருமைதான். ஆனால் பழைய விக்ராந்தில் இன்று மிச்சம் இருப்பது அதில் வேலை செய்த மனிதர்கள். அவர்களில் சிலர் நம் வாய்க்கால் கரைகளில் சத்தமில்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

எவ்வளவு காலத்துக்கு? 1971 போரின்போது 20 வயதுப் பையனாக இருந்தவர் இன்று எழுபதின் நடுவைத் தொட்டுவிட்டார். அந்த டிசம்பர் 9ஆம் தேதி இரவு டையூவுக்கு அப்பால் நம் குக்ரி கப்பல் மூழ்கியபோது 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் கடலோடு போனார்கள். அதன் கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை. அந்த இரவை ரேடியோ அறையில் காதால் கேட்டவர்கள், மறுநாள் தேடிப்போன கப்பல்களில் இருந்தவர்கள் என்று ஒரு தலைமுறை இருந்தது. அவர்கள் சொன்னதை யாரும் எழுதி வைக்கவில்லை. இன்னும் பத்து வருடம் கழித்து நாம் கூட்டம் போட்டால் அவர்களில் யார் வருவார்கள்? இந்த வேலைக்குத் தள்ளிப்போட நாள் இல்லை என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் நம் வீட்டுப் பெண்கள். ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஒரத்தநாடு தாலுகா என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கூடத்து மூலையில் ஒரு டிரங்குப் பெட்டி. மூடிமேல் வெள்ளைப் பெயிண்ட்டில் பெயரும் சர்வீஸ் நம்பரும் இன்னும் அழியாமல் இருக்கின்றன. உள்ளே பாலித்தீன் கவரில் சுற்றிய பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ., ஓரம் கிழிந்த டிஸ்சார்ஜ் புத்தகம், ரிப்பன் வெளுத்த ஒரு மெடல், கப்பல் மேல்தளத்தில் எல்லோரும் வரிசையாக நிற்கும் ஒரு குரூப் போட்டோ. நம் தோழர் இறந்து இரண்டு சம்பா அறுவடை முடிந்திருந்தது. அவருடைய மனைவிக்கு அதுவரை குடும்ப ஓய்வூதியம் ஒரு ரூபாய்கூட வரவில்லை. காரணம் ரொம்பச் சின்னது. கல்யாணமான புதிதில் நம் தோழர் சர்வீஸ் ஆவணத்தில் எழுதிக்கொடுத்தது மனைவியை வீட்டில் கூப்பிடும் பெயர். ஆதாரில் இருப்பது பள்ளிக்கூடத்துப் பெயர். ஸ்பர்ஷ் என்ற இணையவழிப் பென்ஷன் கணக்கில் பதிந்திருந்த போன் நம்பரோ சிங்கப்பூரில் இருக்கும் மகனுடையது. ஓ.டி.பி. அங்கே போகும். மகன் வேலையில் இருப்பார். இங்கே அம்மா இ-சேவை மையத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

அந்த அம்மா அந்த குரூப் போட்டோவை என் கையில் கொடுத்து, "இதுல இருக்கிற ஒருத்தரையும் எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா முதல்லயே கேட்டிருப்பேன்" என்றார். போட்டோவில் மூன்றாவது வரிசையில் நின்ற ஒருவர் மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறார். சர்வீஸில் ரைட்டராக இருந்தவர். காகித வேலை எல்லாம் அவருக்கு அத்துப்படி. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று எப்படி உறுதிமொழிப் பத்திரம் எழுதுவது, மும்பை மான்கூர்தில் சீட்டா கேம்ப்பில் இருக்கும் மாலுமிகள் ஆவணப் பிரிவுக்கு எதையெல்லாம் இணைத்து அனுப்புவது என்று ஒரே மதியத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு மதியம் இரண்டு வருடத்துக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு பஸ் பயணம்.

மூன்றாவது காரணம் உரிமை. 1976க்கு முன் நம் சர்வீஸ் விதி என்னவென்று மூத்த தோழர்களுக்கு நினைவிருக்கும். 10 வருடம் நேரடிப் பணி, அதன் பிறகு 10 வருடம் ஃப்ளீட் ரிசர்வ். இரண்டும் சேர்ந்தால் ரிசர்வ் பென்ஷன். 1976 ஜூலை 3ஆம் தேதி அரசு ஃப்ளீட் ரிசர்வை நிறுத்தியது. 10 வருடம் முடித்து வெளியே வந்தவர்களுக்கு ரிசர்வும் இல்லை, பென்ஷனுக்கு வேண்டிய 15 வருடமும் இல்லை. வெறுங்கையோடு ஊர் வந்து, அஞ்சு மா நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து உழுதவர்கள் நம் ஊர்களில் உண்டு. அவர்களுக்காக மாலுமிகள் பல வருடம் வழக்காடினார்கள். 2016 அக்டோபர் 27இல் டி.எஸ். தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ரிசர்வ் பென்ஷன் கிடையாது என்றது. ஆனால் முதல் பணிக்காலம் 1976 ஜூலை 3 அன்றோ அதற்குப் பிறகோ முடிந்து, தாமாக விலகல் கேட்காமல், ரிசர்வ் நிறுத்தப்பட்ட ஒரே காரணத்தால் வெளியேறியவர்கள் 1964ஆம் ஆண்டுக் கடற்படை ஓய்வூதிய விதிகளின்படி சிறப்புப் பென்ஷனுக்குத் தகுதி பெறலாம் என்றும் சொன்னது.

தோழர்களே, தீர்ப்பு டெல்லியில் வந்தது. பேராவூரணிக்கும் வேதாரண்யத்துக்கும் அதை யார் கொண்டுபோனார்கள்? வழக்குப் போட்டவர்களுக்குத் தெரியும், வக்கீலுக்குத் தெரியும், ராணுவச் செய்தி படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும். ஆங்கிலத் தீர்ப்பைப் படிக்க ஆள் இல்லாத கடைமடைக் கிராமத்து மாலுமிக்கு அதை இன்னொரு மாலுமிதான் போய்ச் சொல்ல முடியும். தகுதி இருக்கிறதா இல்லையா என்பது அவரவர் சர்வீஸ் தேதியைப் பொறுத்தது. ஆனால் கேட்டுப் பார்க்கவே வழியில்லாமல் ஒருவர் கண்ணை மூடுவது நமக்கு அவமானம்.

பென்ஷனே இல்லாத 65 வயது தாண்டிய முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களின் கைம்பெண்களுக்கும் மத்திய சைனிக் போர்டு வறுமை உதவித்தொகை தருகிறது. நம்மில் பெட்டி ஆபீசர் ரேங்க் வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். மாதம் 4,000 ரூபாயாக இருந்ததை 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். 8,000 ரூபாய் என்றால் மாத்திரைக்கும் மளிகைக்கும் ஆகும். நம் பகுதியில் எத்தனை பேருக்கு இது சேர வேண்டும்? பதிவேடு இல்லாததால் பதிலும் இல்லை.

கடலில் நமக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடத்தை எல்லோரும் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். "மேன் ஓவர்போர்டு" என்று குரல் கேட்டால் என்ன செய்வோம்? பார்த்தவர் கையை நீட்டி, விழுந்தவர் மிதக்கும் இடத்தைக் காட்டியபடியே நிற்பார். கண்ணை எடுக்கக் கூடாது, கையைத் தாழ்த்தக் கூடாது. ஒருவர் மிதவையை வீசுவார். கப்பல் போகிற வேலையை விட்டுத் திரும்பும். மற்ற எல்லோரும் அவரவர் இடத்தில் மஸ்டர் ஆவார்கள், விழுந்தவர் யார் என்று தெரிய வேண்டுமே. விழுந்தவர் அதிகாரியா, சமையல்காரரா என்று யாரும் கேட்டதில்லை. எந்த ஊர், எந்தச் சாதி என்று கேட்டதில்லை. நூற்றுக்கணக்கான பேர் கப்பலோடு ஒருவருக்காகத் திரும்பினோம். கரைக்கு வந்த பிறகு தோழர்கள் ஒவ்வொருவராக விழுந்துகொண்டிருக்கிறார்கள். கை நீட்டிக் காட்ட ஆள் இல்லை, ஏனென்றால் மஸ்டர் எடுக்கப் பட்டியலே நம்மிடம் இல்லை.

பெயர் எழுதி வைப்பதில் நம் தஞ்சாவூர் மண்ணுக்கு வெளியூரிலிருந்து யாரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டைப் பாருங்கள். பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருவர் பெயர், வந்த கோயில், இப்போது இருக்கும் தெரு, தெருவில் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, அவருக்கு உரிய பங்கு எல்லாம் கல்லில் இருக்கின்றன. பங்கு உள்ளவர் இறந்துபோனால் அடுத்து யாருக்கு என்பதையும் எழுதினார்கள். அவன் மகன் ராஜேந்திரன் 1025இல் கடாரத்துக்குக் கப்பல்களை அனுப்பினான். அதில் வென்ற துறைகளின் பெயர்களை அதே கோயிலில் உள்ள அவன் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. ஆனால் நாகப்பட்டினத்துக் கடலைத் தாண்டி அந்தக் கப்பல்களைச் செலுத்திப் போனவர்களின் பெயர்கள் அதில் இல்லை. இந்த மண்ணின் மாலுமிகள் ஒரு தடவை பெயரில்லாமல் போனது போதும். நம் பெயர்களை நாமே எழுதுவோம்.

கப்பல் தோழர்கள் சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் அறிந்த ஒரு சான்று உண்டு. அமெரிக்கக் கடற்படையின் இண்டியானாபோலிஸ் கப்பல் 1945 ஜூலை 30இல் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோவால் மூழ்கியது. சுமார் 1,200 பேரில் 316 பேர்தான் பிழைத்தார்கள். கப்பல் மூழ்கிய செய்தியே யாருக்கும் போய்ச் சேராததால் அவர்கள் நான்கு நாட்கள் சுறாக்கள் நடுவே தண்ணீரில் கிடந்தார்கள். பழி கேப்டன் சார்லஸ் மெக்வே மேல் விழுந்தது. ராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 1960இல் பிழைத்தவர்கள் முதல் தடவையாக ஓரிடத்தில் கூடினார்கள். கேப்டனையும் அழைத்தார்கள். அதன் பிறகு விடாமல் கூடினார்கள். மெக்வே 1968இல் இறந்துபோனார். தோழர்கள் விடவில்லை. 2000இல் அமெரிக்க நாடாளுமன்றம் அவர்மேல் குற்றமில்லை என்று தீர்மானம் போட்டது, மறு வருடம் கடற்படை ஆவணத்திலும் அது ஏறியது. ஒரு மனிதனின் பெயரைக் காப்பாற்ற 40 வருடம் கிழவர்கள் கூடிக் கூடிப் போராடினார்கள். அவர்களிடம் இருந்தது ஒரு முகவரிப் பட்டியலும், வருடா வருடம் வருவோம் என்ற வாக்கும்தான்.

இனி உங்கள் மனதில் எழும் கேள்விகளுக்கு வருகிறேன்.

முன்னாள் படைவீரர் சங்கங்கள் ஏற்கெனவே இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கட்டும், அவற்றில் நாம் தொடர்ந்து உறுப்பினர்களாக இருப்போம். நம் சங்கம் அவற்றுக்குப் போட்டி இல்லை. ஆனால் நம் ஆவணங்கள் மும்பையில் இருக்கின்றன, நம் பிரிவுகளும் ரேங்க்குகளும் வேறு, நம் பழைய சர்வீஸ் விதிகளும் வேறு. லீடிங் சீமேன் என்றால் தரைப்படையில் எந்த ரேங்க்குக்குச் சமம் என்பதையே விளக்கிச் சொல்ல வேண்டிய இடத்தில், நம் சிக்கலை நாம்தான் அவிழ்க்க முடியும்.

வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பார்கள் இளைய தோழர்கள். குழு நல்லது, அதைக் கலைக்க வேண்டாம். ஆனால் நாம் தேடும் ஆள் அதில் இல்லை. பட்டன் போன் வைத்திருக்கும் 78 வயதுக்காரர், போனே இல்லாத கைம்பெண், பேரன் கையில் போனைக் கொடுத்துவிட்டு மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர், இவர்களிடம் நடந்துதான் போக வேண்டும்.

வயசாகிவிட்டது, வயல் வேலை இருக்கிறது என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் நம் ஊர்ப் பருவத்தைப் பார்த்தே நாள் குறிக்க வேண்டும் என்கிறேன். டிசம்பர் 4 கடற்படை நாள். 1971 போரில் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிய நாள் அது, கொண்டாடாமல் விடக் கூடாது. ஆனால் இங்கே அது அடைமழைக் காலம். சம்பா வயலில் தண்ணீர் நிற்கும், வடிகாலைப் பார்க்க ஓட வேண்டும். எனவே அன்று தாலுகா அளவில் காலையில் கூடிக் கொடி வணக்கம் செய்து கலைவோம். நான்கு மாவட்டமும் காரைக்காலும் சேரும் பெரிய கூட்டத்தை அறுவடை முடிந்து, நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, பங்குனியில் வைத்துக்கொள்வோம்.

ரேங்க், கட்சி, சாதி என்ற பேச்சு வரும். அதற்கு ஒரே பதில்தான். கமாண்டராக ஓய்வு பெற்றவரும் பத்து வருடத்தில் வெளியே வந்த சீமேனும் இந்தச் சங்கத்தில் ஒரே ஓட்டு உடையவர்கள். கட்சித் துண்டோடு யாரும் மேடை ஏற வேண்டாம். கப்பலில் இல்லாத சாதி நம் சங்கத்திலும் இருக்காது.

செய்ய வேண்டியவற்றைத் தெளிவாகச் சொல்கிறேன்.

முதல் வேலை பதிவேடு. ஒவ்வொரு தாலுகாவுக்கும் இரண்டு பொறுப்பாளர்கள். பெயர், சர்வீஸ் நம்பர், பிரிவு, பணியாற்றிய கப்பல்கள், சேர்ந்த வருடம், வெளியே வந்த வருடம், மனைவியின் பெயர் ஆவணத்தில் எப்படி இருக்கிறது, ஆதாரில் எப்படி இருக்கிறது, வீட்டுக்கு வழி, அவசரத்துக்கு யாருக்குப் போன் செய்வது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். விவரங்கள் பொறுப்பாளரிடம் பத்திரமாக இருக்க வேண்டும், கண்ட இடத்தில் பரப்பக் கூடாது. மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வந்து, ஆடிப்பெருக்கு கொண்டாடுவதற்குள் இந்த வேலை முடிய வேண்டும்.

இரண்டாவது, ஐப்பசிச் சுற்று. பெரும்பாலோர் லைஃப் சர்டிபிகேட் தருவது நவம்பரில். அதற்கு முன், ஐப்பசி பிறந்ததுமே, ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒருவர் போவார். ஸ்பர்ஷ் கணக்கில் சரியான போன் நம்பர் இருக்கிறதா, இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டை இருக்கிறதா, தஞ்சாவூர் பாலிகிளினிக்குக்கு அழைத்துப் போக ஆள் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்து வருவார்.

மூன்றாவது, இழவு வீட்டுக் கடமை. ஒரு தோழர் காலமானால் அன்றே அந்தத் தாலுகாவிலிருந்து இரண்டு பேராவது போய் நிற்க வேண்டும். மூவர்ணக் கொடி போர்த்துவதற்கு முறையும் விதியும் உண்டு, அதை அறிந்தவரைக் கேட்டே எதுவும் செய்ய வேண்டும். பதினாறு முடிந்ததும் குடும்ப ஓய்வூதியக் காகிதங்களோடு மறுபடி போக வேண்டும். அந்த அம்மா தேடி வரும்வரை காத்திருக்கக் கூடாது.

நான்காவது, சட்டப்படி பதிவு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தாலே சங்கம் பதியலாம். வரவு செலவை வருடம்தோறும் கூட்டத்தில் வைத்து உரக்கப் படிக்க வேண்டும். காசு விஷயத்தில் ஒரு சந்தேகம் எழுந்தால் சங்கம் அன்றைக்கே செத்துவிடும்.

ஐந்தாவது, கதவைத் திறந்து வைப்பது. அக்னிவீரர்களாகக் கடற்படையில் சேர்ந்த முதல் தொகுதி 2023 மார்ச்சில் சில்காவில் பயிற்சி முடித்து வெளியேறியது. அதில் பெண்களும் இருந்தார்கள். நான்கு வருடப் பணி அது. அவர்களில் அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கினரே தொடர்ந்து பணியில் நீடிப்பார்கள். மற்றவர்கள் 2026 கடைசியிலிருந்து பென்ஷன் இல்லாமல் ஊர் திரும்புவார்கள். நம் கும்பகோணத்துக்கும் சீர்காழிக்கும் பட்டுக்கோட்டைக்கும் அப்படி வரும் பிள்ளைகளிடம் வேலைக்கு வழி சொல்ல, சர்டிபிகேட் விவரம் சொல்ல, ஒரு வார்த்தை தைரியம் சொல்ல ஆள் வேண்டும். வருபவள் பெண்பிள்ளையாக இருந்தாலும் அவளும் நம் ஷிப்மேட்தான். அவர்களைச் சேர்க்காத சங்கம் நம்மோடு முடிந்துபோகும்.

இந்தப் பதிவேடு நமக்கு மட்டும் உதவுவதில்லை. 2004 டிசம்பர் 26இல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேர் ஆழிப்பேரலையில் போனார்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பேராவூரணி வரை தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. போன் இல்லை, கரண்ட் இல்லை, ரோட்டில் மரம். தண்ணீர் புகுந்தால் எதை முதலில் அடைப்பது, காயம்பட்டவரை எப்படித் தூக்குவது, கயிற்றில் எந்த முடிச்சு தாங்கும் என்று அரசாங்கச் செலவில் கற்றவர்கள் நாம். அன்று நாமும் ஆளுக்கொரு கூரைக்கடியில் தனித்தனியாக உட்கார்ந்திருந்தோம். எந்த ஊரில் எந்தப் பிரிவுக்காரர் இருக்கிறார் என்று தெரிந்திருந்தால் தாசில்தாரிடம் போய், "இத்தனை பேர் இருக்கிறோம், வேலை சொல்லுங்கள்" என்று நின்றிருக்கலாம். கொள்ளிடத்திலும் கல்லணைக் கால்வாயிலும் பிள்ளைகள் மூழ்கும் செய்தி வராத வருடம் இல்லை. ஊருக்கு ஒரு நேவிக்காரர் கோடை விடுமுறையில் நீச்சல் சொல்லிக்கொடுத்தால் எத்தனை வீடு தப்பும்!

தோழர்களே, இதற்குப் பெரிய தலைவர் யாரும் வரப்போவதில்லை. வரவும் வேண்டாம். இதைப் படித்து முடித்ததும் ஒரு தாளை எடுங்கள். உங்களுக்குத் தெரிந்த நேவிக்காரர்களின் பெயர்களை எழுதுங்கள். உங்கள் தாலுகாவில் ஏழு பெயர் சேர்ந்தால் அங்கே சங்கம் இருக்கிறது என்று அர்த்தம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்களில் யாரை நீங்கள் பார்த்து ரொம்ப நாளாயிற்றோ அவர் வீட்டுக்குப் போங்கள். போனில் முடித்துவிடாதீர்கள், நேரில் போங்கள். அவர் இல்லையென்றால் அவர் மனைவியைப் பாருங்கள், காகிதங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இறங்கி வரும்போது, தனக்குத் தெரிந்த இன்னொருவர் வீட்டுக்கு அடுத்த ஞாயிறு போவதாக அந்தத் தோழரிடமிருந்து வாக்கு வாங்கி வாருங்கள்.

வாருங்கள், சேருங்கள், பெயரைக் கொடுங்கள். இனி நம்மில் ஒருவரும் யாருக்கும் தெரியாமல் போகக் கூடாது.